விலை உயர்ந்த லென்ஸ் போடாவிட்டால் கண் கெட்டுப்போகுமா?

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5 பவர். நாள் முழுக்கக் கணினியில் வேலை. படிக்கவும் சிரமமாக இருக்கிறது என்று பரிசோதித்ததில், பக்கத்துப் பார்வைக்கு ப்ளஸ் 1.5 சேர்த்து, தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸான ப்ரோக்ரஸிவ் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கடையில் மூன்று தரம் காட்டினார்கள். மேல் தரத்தின் விலை கீழ்த் தரத்தைப் போல நான்கு மடங்கு. "கண் விஷயம் சார், இதில் மிச்சம் பிடிக்காதீங்க" என்றார் விற்பனையாளர். மலிவானதைப் போட்டால் கண் கெட்டுவிடுமா டாக்டர்? 10 வயது மகனுக்கும் மைனஸ் 2 வந்திருக்கிறது. அவனுக்கும் விலை கூடிய லென்ஸ்தான் வாங்க வேண்டுமா?

பதில்: கெடாது. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் வயதில் லென்ஸின் விலையைப் பார்த்துப் பவர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பொருந்தாத கண்ணாடி போட்டால் தலை வலிக்கும், கழுத்து இழுக்கும், எழுத்து மங்கும். கழற்றி வைத்தால் அதெல்லாம் போய்விடும். "கண் விஷயம்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து கடன் வாங்கிக் கண்ணாடி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேல் தரம் என்று ஒரே பெயரில் விற்பது உண்மையில் நாலைந்து தனித்தனிச் சமாச்சாரங்கள்: லென்ஸின் மெல்லிய தன்மை, கோட்டிங், நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லும் ப்ளூ கட், ப்ரோக்ரஸிவ் வடிவமைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனியாக விலை கேளுங்கள். அப்போதுதான் எது உங்களுக்குத் தேவை, எது தேவையில்லை என்பது தெரியும்.

மெல்லிய லென்ஸ் உங்களுக்குத் தேவைதான். இன்டெக்ஸ் என்பது லென்ஸ் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் எண்; அது கூடக் கூட லென்ஸ் மெல்லிசாகும். மைனஸ் 5.5-ஐ 1.5 இன்டெக்ஸ் சாதாரண பிளாஸ்டிக்கில் செய்தால் ஓரம் தடித்துக் கனக்கும். 1.6 அல்லது 1.67 போதும். 1.74 வரை போக வேண்டியதில்லை. கண்பாவையிலிருந்து லென்ஸின் வெளி ஓரம் வரை 27 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1.67-க்கும் 1.74-க்கும் ஓரத்தில் வரும் வித்தியாசம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். அதே 1.67 லென்ஸை, அந்தத் தூரம் 22 மி.மீ. ஆகும்படி சிறிய ப்ரேமில் போட்டால் முழுதாக ஒரு மில்லிமீட்டர் குறைகிறது. சிறிய, வட்டத்தை ஒட்டிய ப்ரேமை எடுங்கள். ஆனால் படிக்கும் பகுதி வெட்டுப்படாத அளவுக்கு உயரம் இருக்க வேண்டும்.

எதிரொளி தடுக்கும் கோட்டிங்கை மட்டும் விடாதீர்கள். கோட்டிங் இல்லாத சாதாரண லென்ஸ் தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 1.67 லென்ஸில் இது 12 சதவீதம். மெல்லிய லென்ஸ் வாங்கிக் கோட்டிங்கில் மிச்சம் பிடித்தால், இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கும் தெரியும். நல்ல கோட்டிங் என்றாலும் சட்டை நுனியால் தண்ணீர் இல்லாமல் வறட்டுத்தனமாகத் துடைத்தால் கீறல் விழும். சுடுதண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

ப்ளூ கட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2023 மதிப்பாய்வில், கணினி வேலையால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் சாதாரண லென்ஸைவிடக் கூடுதலாகக் குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் வானத்திலிருந்து கண்ணுக்குள் வரும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது சொற்பம். மாலையில் உங்கள் கண் எரிவதற்குக் காரணம் வேறு. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இமைக்கிறது. கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடுகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்த்து, நாலு முறை நன்றாக மூடித் திறங்கள். எரிச்சல் நிற்கவில்லை என்றால் கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து தரலாம்.

இனி ப்ரோக்ரஸிவ். உங்கள் பணத்தில் பெரும்பங்கு போகப்போவது இதற்குத்தான். மேலே தூரம், கீழே படிப்பு, நடுவே கணினி என்று கோடில்லாமல் பவர் மாறிக்கொண்டே இறங்கும் இந்த லென்ஸ் 1959-இல் பிரான்ஸில் முதலில் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இன்றுவரை யாராலும் முழுதாக நீக்க முடியாத குறை ஒன்று இதில் உண்டு: இரண்டு பக்க ஓரத்திலும் உருவம் நெளியும். உயர்ந்த வடிவமைப்பில் நடுப்பாதை சற்று அகலமாக இருக்கும், நெளிவு மென்மையாக இருக்கும். அது நிஜமான பலன். கணினியில் நாள் முழுக்க உட்காருகிற உங்களுக்கு நடுத்தர வடிவமைப்பு வரை செலவழிப்பது நியாயம். அதற்கு மேலே கொடுக்கிற பணத்துக்குத் தகுந்த வித்தியாசத்தைப் பலரால் உணர முடிவதில்லை.

ஆனால் எந்த லென்ஸாக இருந்தாலும் அளவு தப்பினால் எல்லாம் வீண். ஓர் ஆசிரியை வந்தார். வாங்கி ஒரு மாதம் ஆகாத, மிக உயர்ந்த ப்ரோக்ரஸிவ். என் முன்னால் உட்கார்ந்து பத்திரிகையைப் படிக்கும்போது மோவாயை வானத்தைப் பார்க்கிற மாதிரி தூக்கிக்கொண்டார். கழுத்து வலிக்கு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். லென்ஸை வாங்கி வாயால் ஊதினேன். ஆவி படிந்ததும் பொடி வட்டம் போல இரண்டு குறிகள் தெரிந்தன. எல்லா ப்ரோக்ரஸிவ் லென்ஸிலும் இப்படி 34 மி.மீ. இடைவெளியில் குறி பொறித்திருப்பார்கள். அவற்றை வைத்து, பாவைக்கு நேரே வரவேண்டிய புள்ளியைப் பேனாவால் குறித்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். புள்ளி பாவைக்கு 3 மி.மீ. கீழே நின்றது. மூக்கில் உட்காரும் இரண்டு பட்டைகளையும் நெருக்கி ப்ரேமை உயர்த்தினோம். தலையை நேராக வைத்தபடியே அடுத்த பத்தியைப் படித்தார். லென்ஸ் மீது குற்றமே இல்லை.

ஆகவே விலை பேசுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ப்ரேமை உங்கள் முகத்தில் சரியாகப் பொருத்தி, நேரே பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகப் பாவை இருக்கும் இடத்தைக் குறிக்கிறார்களா? இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்ணை எழுதிக்கொண்டால் அந்தக் கடை வேண்டாம். உங்கள் பவருக்கு லென்ஸின் மையம் பாவையிலிருந்து 4 மி.மீ. விலகினால் 2 ப்ரிஸத்துக்கு மேல் வந்துவிடும். ப்ரிஸம் என்பது லென்ஸ் உருவத்தை எவ்வளவு இடம் தள்ளிக் காட்டுகிறது என்பதற்கான அளவு. பக்கவாட்டில் அவ்வளவு விலகினாலே கண் சோர்ந்துபோகும், மேல் கீழாக விலகினால் இரட்டையாகவே தெரியலாம். சரியாக அளந்து செய்தாலும் முதல் ஒன்றிரண்டு வாரம் மாடிப்படி மிதக்கிற மாதிரி இருக்கும். இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையும் தாழ்த்துங்கள். பழகவே இல்லை என்றால் மாற்றித் தருவீர்களா என்று வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் 18 செ.மீ. தூரத்தில் உங்களுக்குப் பொடி எழுத்தும் பளிச்சென்று தெரியும். மாத்திரை அட்டையைப் படிக்க, ஊசியில் நூல் கோக்க எந்த லென்ஸும் வேண்டாம்.

நான் உங்களைச் செலவழிக்கச் சொல்வது வேறொன்றுக்கு. மைனஸ் 5.5 என்றால் கண் நீண்டிருக்கிறது, விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கலாம். கடையில் பவர் பார்க்கும் இயந்திரம் விழித்திரையைப் பார்ப்பதில்லை. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, கண் அழுத்தமும் பார்த்துக்கொள்வதை ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மின்னல் போல வெட்டினாலோ, திடீரெனக் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்குவது போலத் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மகன் விஷயத்தில் என் பதில் மாறுகிறது. வளரும் கண்ணுக்கு லென்ஸின் வகை முக்கியம். சுற்றிலும் நுண்ணிய சிறு லென்ஸ்கள் பதித்த, கிட்டப்பார்வை ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிகள் இப்போது கிடைக்கின்றன. ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 2 ஆண்டுகளில் பவர் ஏறும் வேகம் சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உங்கள் கண்ணும் இப்படி என்பதால் அவனுக்கு ஏறும் வாய்ப்பு அதிகம். மேல் தர ப்ரோக்ரஸிவ்வில் மிச்சமாகும் பணத்தை இதற்குக் கொடுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட்டால்தான் பலன். எந்த லென்ஸானாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் போன்ற பொருளில் செய்யச் சொல்லுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள்.

அதற்கு முன் சொட்டு மருந்து விட்டு அவன் பவரை உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்போது பழைய சீட்டுகள் இருந்தால் எடுத்துப் போங்கள். எவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் எந்த லென்ஸ் என்று முடிவு செய்வார்கள்.