வானத்தில் குதிப்பவர்களுக்கு எத்தனை குதிப்பு?

கேள்வி: அமெரிக்காவில் ஸ்கைடைவிங் பழகும் அக்கா மகன், பயிற்றுநராகி அதையே வாழ்நாள் தொழிலாக்கப் போகிறேன் என்கிறான். எத்தனை முறை குதிக்க வேண்டும்? பாராசூட் முறுக்கிக்கொண்டால்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அந்நாட்டுப் பாராசூட் சங்க விதிப்படி 25 குதிப்பில் ‘ஏ’ உரிமம். ‘பி’ உரிமமும் 100 குதிப்பும் இருந்தால் ‘கோச்’ எனும் முதல்படிப் பயிற்றுநர் தகுதித் தேர்வுக்குப் போகலாம். மாணவரைப் பக்கத்தில் பிடித்தபடி குதித்துக் கற்பிக்க ‘சி’ உரிமமும், பாராசூட் விரியுமுன் விழும் நேரம் மொத்தம் 6 மணியும் வேண்டும். 13,000 அடியிலிருந்து குதித்தால் அந்த நேரம் ஒரு நிமிடம்தான். ஆக 360 குதிப்பாவது ஆகும். ஆளைக் கட்டிக்கொண்டு குதிக்கும் ‘டாண்டம்’ என்றால் ‘டி’ உரிமம், 500 குதிப்பு, 3 வருட அனுபவம்.

முறுக்கு என்பது, வளவில் ஊஞ்சலைச் சுற்றிவிட்டால் சங்கிலி பின்னிக்கொள்ளுமே, அதேபோலப் பாராசூட் கயிறுகள் பின்னிக்கொள்வதுதான். விரியும் நொடியில் ஒரு தோள் சாய்ந்திருந்தாலே போதும். தோளுக்கு மேலுள்ள பட்டைகளை விலக்கிப் பிடித்து, முறுக்கு அவிழும் திசையில் காலை உதைத்துச் சுழல வேண்டும். அவிழும்வரை பாராசூட்டைத் திருப்பும் பிரேக் பிடிகளைத் தொடக் கூடாது. அவிழவே இல்லையா? மாணவர் என்றால் 2,500 அடிக்குக் கீழே இறங்குமுன் முடிவெடுத்துவிட வேண்டும்: முறுக்கிய முதன்மைப் பாராசூட்டைக் கழற்றி விட்டு, மாற்றாக வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டை இழுக்க வேண்டும்.

ஆனால் எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை, நன்றாக விரிந்த பாராசூட்டைத் தரைக்கு அருகே சட்டென்று திருப்புவது. திருப்பத்தில் அது வேகமாக இறங்கும். நிமிர உயரம் இருக்காது. அனுபவசாலிகளும் இதில்தான் அடிபடுகிறார்கள். தம்பியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.