ஒட்டின் பக்கத்தில் துரு: சூடு காட்டினால் சரியாகுமா?

ஹட்டன் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "பால் சேகரிக்கும் நிலையத்துக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தொட்டி செய்து கொடுத்தேன். அடித்தகடு 6 மில்லிமீற்றர். இப்போது ஒட்டுக்கு இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரித் துரு. கேஸ் டோர்ச்சால் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் உலோகத்தின் உள்ளே மணிகள், அதாவது நுண்படிகங்கள், சீராகிவிடும் என்கிறார் பழைய பாஸ் ஒருவர். செய்யலாமா?"

வேண்டாம். பாஸ் சொல்வது சாதாரண இரும்புக்குப் பொருந்தும். காய்ச்சும்போதும் ஆறும்போதும் அதன் படிக அமைப்பே மாறுவதால், மணிகள் புதிதாகப் பிறந்து பொடியாகும். 304 அப்படி மாறுவதில்லை. அதிகம் காய்ச்சினால் மணி பெரிதாகும், அவ்வளவுதான்.

உங்கள் துருவுக்குக் காரணம் மணிகளின் அளவல்ல, அவற்றின் எல்லை. சுமார் 425 முதல் 850 பாகை செல்சியஸ் வரை உள்ள சூட்டில் நின்றால், உருக்கிலுள்ள காபன் மணி எல்லைகளுக்கு நகர்ந்து குரோமியத்தைப் பிடித்துக் காபைட் என்ற சேர்வையாகிவிடும். 18 சதவீதம் இருந்த குரோமியம் எல்லையோரம் 11க்கும் கீழே போனால், அங்கே துருவைத் தடுக்க ஆள் இல்லை. ஒட்டின்மேல் இல்லாமல் சற்றுத் தள்ளிக் கோடு விழுவதும் இதனால்தான்: அந்த இடம்தான் இந்தச் சூட்டில் அதிக நேரம் நிற்கிறது. டோர்ச்சின் சிவப்பும் ஏறக்குறைய 700 பாகைதான். அதில் மெல்ல ஆறவிட்டால் நோயைத் தொட்டி முழுக்கப் பரப்புவீர்கள்.

காபைட்டைக் கரைக்கச் சரியான சூடு 1040 பாகைக்கு மேல். உடனே தண்ணீரில் குளிர்விக்கவும் வேண்டும். முழுத் தொட்டிக்கு அது நடக்கிற காரியமா? கோணிப்போகும்.

முதலில் பிக்கிளிங் பேஸ்ட் (ஒட்டின் கறையையும் துருவையும் கரைத்தெடுக்கும் அமிலப் பசை) பூசிக் கழுவிப் பாருங்கள். சாதாரண இரும்பு தேய்த்த வயர் பிரஷ்ஷால் வந்த மேல்துரு என்றால் அதோடு போய்விடும். அதே கோட்டில் திரும்பி வந்தால் அந்தப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு 304எல் தகடு போடுங்கள், ஒட்டும் கம்பி 308எல். இவற்றில் காபன் 0.03 சதவீதத்தைத் தாண்டாது. வெல்டிங் கரண்ட்டைக் குறைத்து, ஒவ்வொரு வெல்டிங் ஓட்டத்துக்கும் நடுவே 150 பாகைக்குக் கீழ் ஆறவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். எலும்பு வரை போகும். கையுறை, கண்ணாடி கட்டாயம். மழை, மூடுபனி என்று கதவைச் சாத்திக்கொண்டு பூசாதீர்கள். கழுவிய நீரைச் சுண்ணாம்பு போட்டு முறிக்காமல் கானில் விடவும் கூடாது.