செக்‌ஷன் 20: பிள்ளையைக் கொஞ்ச நாள் ஃபொஸ்டரில் விடலாமா? கேள்வி பதில்

இங்கிலாந்தில் குடும்ப வழக்குகளில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சட்டத்தரணி இல்லை. பெற்றோர் தாங்களாகச் சம்மதித்துப் பிள்ளையைத் தற்காலிகமாக ஃபொஸ்டர் குடும்பத்தில் விடுவது பற்றித்தான் இன்றைக்குக் கேள்விகள்.

வசந்தி, ஹரோ: அக்கா, எனக்கு முதுகில் ஒப்பரேஷன். ஆறு வாரம் எழும்ப ஏலாது. பிள்ளைகள் 9, 5. துணைக்கு ஒருவரும் இல்லை. சோசல் வேர்க்கர் ‘செக்‌ஷன் 20’ என்கிறார். பிறகு திருப்பித் தராமல் விட்டால்?

தங்கச்சி, இப்படியான நிலைமைக்குத்தான் அந்தப் பிரிவே இருக்கிறது. 1989 சிறுவர் சட்டத்தில் வருவது. இது நீதிமன்றக் கட்டளை இல்லை, நீங்கள் கொடுக்கும் அனுமதி. பெற்றோருக்குரிய பொறுப்பு உங்களிடமே இருக்கும், கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி மன்றத்துக்கு, போகாது. நினைத்த நேரம் கூட்டிவரலாம். முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இல்லை.

ஆனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எந்தத் திகதியில் திரும்பி வருவார்கள், அதே பள்ளிக்கூடமா, இரண்டு பேரும் ஒரே வீட்டிலா, ஃபோன் எத்தனை மணிக்கு, எல்லாம் எழுத்தில் வேண்டும். சாப்பாடு என்ற இடத்தில் ‘ஏசியன்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சின்னவன் தயிர் விட்டுப் பிசைந்தால்தான் சோறு சாப்பிடுவான், மாட்டிறைச்சி வேண்டாம், இரவில் லைட் அணைத்தால் அழுவான் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் சமயம், மொழி, கலாசாரத்தைக் கவுன்சில் கவனத்தில் எடுக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ் வீடு கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள், கேட்காமலும் விடாதீர்கள். முதல் மீளாய்வுக் கூட்டம் 20 வேலை நாட்களுக்குள் நடக்கும்.

இன்னொன்று, தமிழ்ப் பிரதி. ஆங்கிலம் சரளமாக இல்லாத பெற்றோருக்கு ஒப்பந்தத்தை அவர்கள் மொழியில் கொடுத்து, அதில்தான் கையெழுத்து வாங்க வேண்டும், ‘வாசித்தேன், சம்மதம்’ என்று அவர்கள் மொழியிலேயே எழுத வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கேட்டு வாங்குங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவே வேண்டாம்.

ரவி, ஈஸ்ட்ஹாம்: தங்கச்சி வீட்டில் இரண்டு மாதம் விட்டால் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டுமா?

பிள்ளைக்கு அத்தை, மாமா, பாட்டி, தாத்தா என்றால் தேவையில்லை. சிநேகிதர் வீடு, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வீடு என்றால், 16 வயதுக்குட்பட்ட பிள்ளை 28 நாளோ அதற்கு மேலோ தங்கப்போகிறது எனில் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

சுதா: சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம்) நிற்குமா?

கவுன்சில் பராமரிப்பில் 8 வாரம் தாண்டினால் பொதுவாக நிற்கும்.

பெயர் வேண்டாம்: மகளுக்கு 16. வீட்டை விட்டுப் போக நிற்கிறாள். நான் மறுத்தால்?

16 ஆனால் அவளே சம்மதிக்கலாம். உங்கள் மறுப்பு தடையாகாது. அவளோடு கதையுங்கள்.

குமார்: நினைத்த நேரம் கூட்டிவரலாமா?

மேலே வசந்திக்குச் சொன்னதை வாசியுங்கள்.

நேசன், குரோய்டன்: அக்கா, சனத்தைப் பிழையாக வழிநடத்தாதீர்கள். சோசல் வேர்க்கர் வந்தால் கதவே திறக்கக் கூடாது. லண்டன் ஹாக்னியில் ஒரு வீட்டு எட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோகவில்லையா?

அண்ணை, அந்த வழக்கை முழுதாகச் சொல்லுங்கள். 2007இல் 12 வயதுப் பையன் ஒருவன் கடையில் திருடிப் பிடிபட்டான். வீட்டில் பெல்ட்டால் அடி என்றான். பொலிஸ் எட்டுப் பேரையும் 72 மணிநேரப் பாதுகாப்பில் எடுத்தது. அது முடிய, தாய்தகப்பன் வைத்த கையெழுத்தின் பேரில் ஃபொஸ்டரில் இருந்தார்கள். செப்டம்பரில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் நட்டஈடு கேட்டு 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ‘பிள்ளைகளைத் தாருங்கள்’ என்று அவர்கள் கேட்டு, கவுன்சில் மறுத்ததாக நீதிமன்றம் காணவில்லை. சும்மா இருந்தால் சம்மதம் தொடர்கிறது என்றுதான் எடுப்பார்கள்.

நேசன்: அப்ப நான் சொன்னதுதானே! கையெழுத்தே பொறி.

மாலா: நேசன் அண்ணை, என் பிள்ளை மூன்று மாதம் இருந்து வந்தவன். நல்லாப் பார்த்தார்கள்.

இரண்டு பேருமே நிற்பாட்டுங்கள். கூட்டிவரலாம் என்பதும் சட்டம், பிள்ளைக்குப் பாரிய ஆபத்து என்று நினைத்தால் கவுன்சில் அன்றைக்கே நீதிமன்றம் போய் 8 நாள் அவசரக் கட்டளை கேட்கலாம் என்பதும் சட்டம். ஆறு வார ஒப்பரேஷன் கேஸும் அடி விழுந்த கேஸும் ஒன்றில்லை. கதவு திறக்காமல் விட்டால் முதலாவதும் இரண்டாவதாகிவிடும்.

தீபன், கார்டிஃப்: எனக்கும் இதேதானா?

வேல்ஸில் 20 இல்லை, 2014 சட்டத்தின் 76ஆம் பிரிவு. பெரும்பாலும் ஒன்றுதான்.

ஜெயா, டொரோண்டோ: இங்கே எப்படி?

ஒன்ராறியோச் சட்டம் வேறு. அங்கத்தைய சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கலா: அக்கா, நினைத்த நேரம் கூட்டிவரலாமாமே, உண்மையா?

மூன்றாவது தரம். மேலே வாசியுங்கள். தமிழ்ப் பிரதி பற்றியதையும் சேர்த்து.

சிவா, லெஸ்டர்: நாளை காலை 10 மணிக்குப் பேப்பரோடு வருகிறார்கள். ஆங்கிலம் மட்டும்தான். என்ன செய்ய?

கதவைத் திறங்கள், தேத்தண்ணி கொடுங்கள், கையெழுத்து வைக்காதீர்கள். ‘சொலிசிட்டரோடு கதைக்க வேண்டும், தமிழில் தாருங்கள்’ என்று இன்றிரவே ஈமெயில் போடுங்கள். நீதிமன்றம் போக யோசிக்கிறோம் என்று கவுன்சிலிடமிருந்து முறையான கடிதம் வந்திருந்தால், வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அந்தக் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு சொலிசிட்டரிடம் போங்கள்.