பதில்: ‘கிரீட்டோ’ பாடத்தில் மாணவர்கள் விவாதிக்க மறுப்பது

கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் ‘கிரீட்டோ’ உரையாடலை நடத்தும்போது மாணவர்கள் விவாதிக்க மறுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ‘அநீதியான சட்டத்தை மீறலாமா’ என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்தி, ‘கிரீட்டோ’வுக்கு எதிரே, பிளேட்டோ தம் ஆசான் சாக்ரடீஸின் நீதிமன்ற வாதமாக எழுதிய ‘அப்பாலஜி’யை வையுங்கள். முன்னதில், சட்டத்தை மீறக்கூடாது என்று சிறையிலிருந்து தப்ப மறுக்கும் சாக்ரடீஸ், பின்னதில் மெய்யியலைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவித்தாலும் அதற்குக் கீழ்ப்படியமாட்டேன் என்கிறார். இம்முரணை விளக்க முயலும்போது மாணவர்கள் தாமாகவே பக்கம் பிரிவார்கள்.

உங்கள் இளங்கலை வகுப்பின் மௌனத்திற்குக் காரணம், சரியான விடை ஆசிரியரிடம் இருக்கிறது, தேர்வுக்கு அது போதும் என்ற எண்ணமாக இருக்கலாம். பேசுவதற்கு முன் பத்து நிமிடம், தமக்கு உடன்பாடில்லாத தரப்பின் வலுவான வாதத்தைத் தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுதச் சொல்லிப் பாருங்கள். தாள்கள் நிறைந்து வந்தால், குறை சிந்தனையில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை: கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது ஏதென்ஸின் மக்களாட்சி நடுவர் மன்றமே. பிளேட்டோவை மக்களாட்சியின் வழக்கறிஞராக அறிமுகப்படுத்தினால், மக்களாட்சியை விமர்சிக்கும் அவருடைய ‘குடியரசு’ நூலைப் படிக்கும் நாளில் மாணவர்கள் உங்களை மடக்கிவிடுவார்கள்.