ஆறு புள்ளிக் கருவண்டு: அண்ணாச்சியிடம் கேளுங்க

ஐப்பசி மழை விழுந்ததிலிருந்து வண்டுப் படங்களாக வந்துகொண்டிருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வள்ளியூர் விவசாயி: அண்ணாச்சி, வரப்புல கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கருவண்டு ஓடுச்சு. முதுகுல வெள்ளைப் புள்ளி. என்னது?

படம் தெளிவா இருக்கு தம்பி. கழுத்துப் பட்டையில் 2, முதுகு ஓட்டில் 4, ஆக ஆறு புள்ளி. ஆந்தியா என்ற தரைவண்டுப் பேரினம். 1775-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இதற்கு வைத்த சிற்றினப் பெயருக்கே ‘ஆறு துளி’ என்றுதான் பொருள்.

நாங்குநேரி ஆசிரியை: பிள்ளைகள் பிடித்து வந்ததில் ஏழு புள்ளி இருக்கிறதே?

அது வண்டே இல்லை டீச்சர், கரப்பான். உடங்காட்டில், அதாவது உடைமரக் காட்டில், சருகுக்குள் கிடக்கும். முதுகைப் பாருங்கள்: ஒரு சிறகு மற்றதன் மேல் ஏறிப் படிந்திருக்கும். வண்டுக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. வண்டைக் கண்டு ஒதுங்கும் பறவைகள் தன்னையும் விட்டுவிடட்டும் என்றே கரப்பானுக்கு இந்த வேஷம் என்று கருதுகிறார்கள். எனக்குத் திகட்டாத காட்சி அது.

திசையன்விளை மாணவர்: பறக்காத கருவண்டு என்றாலே ஆந்தியாதானா?

இல்லை. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். தேரிச் செம்மணலில் திரியும் இருள்வண்டுகள் வேறு குடும்பம்; அவற்றில் பலவற்றுக்கும் முதுகு ஓடுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும், அதனால் பறக்காது. செத்துக் கிடப்பது கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாதக் கணுக்களை எண்ணுங்கள். தரைவண்டுக்கு எல்லாக் காலிலும் ஐந்து. இருள்வண்டுக்குப் பின்காலில் நான்குதான். அடுத்து முன்காலின் உள்பக்கம்: தரைவண்டுக்கு அங்கே ஒரு சின்ன வெட்டு உண்டு, உணர்கொம்பை அதில் இழுத்துத் துடைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் பொருந்தினால் தரைவண்டுக் குடும்பம்தான். பிறகு பேரினம்: ஏறக்குறைய 4 செ.மீ. நீளம், முன்னால் நீட்டிய கனத்த தாடை, ஒடுங்கிய கழுத்துப் பட்டை, தோள் சரிந்த முட்டை வடிவ முதுகு. பறக்கும் தசைக்கு வேலை இல்லாததால்தான் தோள் அப்படிச் சரிந்திருக்கிறது. புள்ளியைக் கடைசியில் பாருங்கள். அது வெறும் மயிர்ப்படலம், உரசினால் உதிர்ந்துவிடும். நாலு புள்ளியோடு வந்தாலும் வேறு இனம் என்று முடிவு கட்டாதீர்கள்.

பாளையங்கோட்டை தங்கச்சி: தம்பி குனிஞ்சு பார்த்தான், கண்ணுல பீச்சிருச்சு!

உடனே நல்ல தண்ணீரில் விடாமல் கழுவுங்க, கழுவினதும் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்க. வாலடியிலிருந்து பீச்சுவது ஃபார்மிக் அமிலம், எறும்பில் இருப்பதே. தள்ளி நின்று படம் எடுத்தால் போதும்.

ராதாபுரம் விவசாயி: பயிரைத் தின்னுமா? மருந்தடிக்கவா?

தின்னாது, அடிக்காதீங்க. பூச்சிகளை வேட்டையாடித் தின்கிற வண்டு அது. மருந்தடித்தால் பறந்து தப்பவும் அதுக்குச் சிறகு இல்லை. ஒரு காட்டில் அழிந்தால், பக்கத்துக் காட்டிலிருந்து நடந்தேதான் இன்னொன்று வந்து சேரணும். நடுவில் ரோடு போட்டிருந்தால் அதுவும் கஷ்டம். வரப்போரத்தில் நாலு உடைமரத்தையும் அதன் சருகையும் அப்படியே விட்டுவையுங்க.