இரவில் கத்தும் வாத்துக் குஞ்சுகள்: வீட்டுக்குள் வளர்க்கும் முறை

கேள்வி: மியன்மாரில் பெகுவுக்கு அருகில் நெல் பயிரிடுகிறோம். பொரிப்பகத்தில் வாங்கிய 12 வாத்துக் குஞ்சுகளை, ஆறு நாட்களாகச் சமையற்கட்டில், செய்தித்தாள் விரித்த அட்டைப் பெட்டியில், பல்பின் கீழ் வைத்திருக்கிறோம். இரவில் கரண்ட் போனதும் கத்தத் தொடங்குகின்றன, அக்கம்பக்கத்தார் குறைப்படுகிறார்கள். சாக்கால் மூடினால் சற்று அடங்குகின்றன. இரண்டு குஞ்சுகளுக்குக் கால் விரிந்துபோய் நிற்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தச் சாக்கை எடுத்துவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் நின்று, ஈரமும் எச்சத்தின் நெடியும் தேங்கிக் குஞ்சுகளின் மூச்சுக்குழலைப் பாதிக்கும். அவை கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அதை நீக்கினால் சத்தம் தானே அடங்கும்.

கரண்ட் போகும்போது வெளிச்சமும் சூடும் ஒன்றாகப் போய்விடுகின்றன. முதல் வாரத்தில் குஞ்சுகள் படுக்கும் இடத்தில் சுமார் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். மார்கழி, தை மாதத்து இரவுகளில் உங்கள் பக்கம் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதால், பல்பு அணைந்த சிறிது நேரத்திலேயே குஞ்சுகள் நடுங்கத் தொடங்கும். அவை படுத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள்: பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு விடாமல் கீச்சிட்டால் குளிர், ஓரங்களுக்கு ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்து மெல்லிய குரலில் முனகினால் எல்லாம் சரியாக இருக்கிறது.

கரண்ட் போகும் நேரம் தெரிந்திருந்தால், வெந்நீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் துணியில் சுற்றி முன்கூட்டியே பெட்டிக்குள் வையுங்கள். பழைய கைலித் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தாழ்வாகத் தொங்கவிட்டால், தாயின் இறக்கைக்குள் புகுவதுபோல் குஞ்சுகள் அதற்குள் புகுந்துகொள்ளும். பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று இரவு முழுவதும் இருக்கட்டும். திடீர் இருட்டில் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது அடியில் சிக்கிய குஞ்சு மூச்சுத் திணறிச் சாகும். கரி அடுப்பை மட்டும் உள்ளே வைக்கவே வேண்டாம். அடைத்த அறையில் அதன் நச்சு வாயு குஞ்சுகளை மட்டுமல்ல, உறங்கும் மனிதரையும் கொல்லும்.

நள்ளிரவுக் கத்தலுக்கு ஈரமும் ஒரு பெரிய காரணம். பொரிப்பகக் குஞ்சுகளுக்குத் தாயின் இறகிலிருந்து எண்ணெய்ப்பசை கிடைப்பதில்லை. அதனால் நனைந்த தூவி எளிதில் உலராது. மூக்குத் துளைகள் மூழ்கும் ஆழம் இருந்து, உள்ளே இறங்கிக் குளிக்க முடியாதபடி வாய் குறுகிய பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். அதைக் கம்பிவலை மூடிய தட்டின்மேல் வைத்தால் சிந்தும் நீர் கீழே போய்விடும். மாலையில் ஒவ்வொரு குஞ்சின் வயிற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் துணியால் ஒற்றி உலர்த்திய பிறகே இரவுக்கு விடுங்கள். தண்ணீரை எடுப்பதானால் தீவனத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஏனெனில் உலர்ந்த தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இந்த வயதில் இரண்டையும் இரவில் விட்டுவைப்பதே நல்லது.

கால் விரிவதற்குச் செய்தித்தாளின் வழுக்கலே காரணமாக இருக்கலாம். இன்றே அதை எடுத்துவிட்டுச் சாக்குத் துணியை விரியுங்கள்; ஒரு வாரம் கழித்துப் பூஞ்சை இல்லாத உலர்ந்த உமி போடலாம். அந்த இரண்டு குஞ்சுகளின் கால்களையும் இயல்பான அகலத்தில் மெல்லிய துணியால் தளர்வாகச் சில நாட்கள் பிணைத்து வையுங்கள். தனியே பிரித்தால் அவையும் கத்தும். ஆகவே மற்றவற்றின் கண்ணில் படும்படி வலைக்கு அப்பால் வைத்தால் போதும். நயாசின் என்ற பி வைட்டமின் குறைந்தாலும் வாத்துக் குஞ்சின் கால் வளையும். அதன் தேவை கோழிக் குஞ்சைவிட அதிகம், கிலோ தீவனத்துக்கு சுமார் 55 மில்லிகிராம். கோழித் தீவனமோ வெறும் நொய்யோ கொடுத்துவந்தால், கால்நடை மருந்துக் கடையில் நயாசின் உள்ள பி காம்ப்ளெக்ஸ் வாங்கி, உறையில் குறித்த அளவில் குடிநீரில் கலந்து கொடுங்கள். நாள்பட்ட கடலைப் பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதில் படியும் பூஞ்சை நஞ்சுக்கு வாத்துக் குஞ்சைப்போல் எளிதில் பலியாகும் பறவை அரிது.

சமைக்கும் இடத்தில் குஞ்சுகளை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 2006இல் மண்டலே, சகாயிங் பகுதிகளில் பறவைக் காய்ச்சல் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். வாத்து அந்நோயை அறிகுறியின்றிச் சுமக்கக்கூடும். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டாத அறைக்குப் பெட்டியை மாற்றுங்கள், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்தாறு வாரத்தில் இறகு முளைத்ததும், எலியும் பாம்பும் நுழையாத நெருக்கமான வலையடித்த கொட்டகைக்கு அவற்றைக் கொண்டுபோகலாம்.