விழாத பால் பல்லை விட்டுவையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை வருடம் கீமோ கொடுத்தார்கள். இப்போது ஒன்பது வயது, நன்றாக இருக்கிறாள். ஆனால் பல் எக்ஸ்ரேயில், கீழ்த்தாடையில் இரண்டு நிரந்தரப் பற்கள் உருவாகவே இல்லை, கடைவாய்ப்பல்லின் வேரும் குட்டை என்கிறார்கள். அன்று வாயெல்லாம் புண் என்பதால் சரியாகப் பல் தேய்த்துவிடவில்லை. என் தவறா? நோய் திரும்புகிறதா?

பதில்: இரண்டும் இல்லை அம்மா. பல் தேய்க்காவிட்டால் சொத்தை வரும். பல்லே உருவாகாமல் போகாது. புண்ணில் பிரஷ் பட்டு அழுத குழந்தையை அதற்கு மேல் வருத்த எந்தத் தாய்க்கும் மனம் வராது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் செல்களும் அப்படிப் பெருகுபவைதான். அந்த எக்ஸ்ரேயை இன்னொரு முறை பாருங்கள். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லின் மேல்பகுதி மூன்று வயதுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும், அப்புறம்தான் வேர் இறங்கும். அதனால்தான் மேலே நல்ல பல், கீழே கூம்பிப்போன குட்டை வேர். உருவாகாமல் போன பற்கள், அந்தக் கடைவாய்ப்பல்லுக்கு முன்பக்கத்தில் இருக்க வேண்டிய சிறிய கடைவாய்ப்பற்கள். அவை கெட்டிப்படத் தொடங்குவதே இரண்டு, இரண்டரை வயதில். சரியாக அந்த நேரத்தில் மருந்து போயிருக்கிறது. உயிரைக் காத்த மருந்து விட்டுப்போன தடம் இது.

அடியில் நிரந்தரப் பல் இல்லாத இடத்தில் பால் பல் ஆடாமல் நிற்கும். தள்ளிவிட ஆள் இல்லாததால் அது பல வருடம் உழைக்கும். "விழ வேண்டிய வயசாச்சு" என்று பிடுங்கச் சொன்னால், காரணம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அதில் சொத்தை விழாமல் காப்பதுதான் இப்போது முக்கியம்: ஃபுளோரைடு பேஸ்ட்டால் தினமும் இருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை.

பிற்காலத்தில் பல்லுக்குக் கிளிப் போடுவதானால் வேர் குட்டை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். குட்டை வேர் அழுத்தம் தாங்காது, மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். தலைக்கோ தாடைக்கோ கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எச்சில் குறையலாம், பல் பிடுங்கிய புண் ஆறுவதும் சிக்கலாகலாம். எந்த மருந்து, எவ்வளவு, எந்த வயதில் என்பதெல்லாம் சிகிச்சை ஃபைலில் இருக்கும். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.